இலைச்சத்தைத் தலைகீழாக்கிப் புற்றுநோயை எதிர்கொண்ட சுப்பாராவ்

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் முதன்முதலாகப் பலன் காட்டிய மருந்து ஒன்று. யானைக்கால் நோயை ஒழிக்க 2004-ம் ஆண்டு முதல் அரசு வீடு வீடாக வழங்கத் தொடங்கிய டைஎத்தில்கார்பமசின் மாத்திரை மற்றொன்று. 1994-ல் குஜராத்தின் சூரத் நகரைப் பிளேக் பீதி ஆட்டிவைத்தபோது மக்கள் மருந்துக் கடைகளில் முண்டியடித்து வாங்கிய டெட்ராசைக்ளின் இனத்தின் முதல் மருந்து மூன்றாவது. இந்த மூன்றும் ஒரே ஆய்வகத்திலிருந்து, ஒரே பத்தாண்டுக்குள் வெளிவந்தவை. அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு வெளியேறிய ஓர் இந்தியர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இன்ன இலையின் சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என ஆய்வகத்தில் கண்டறியப்பட்டதாக நம் நாட்டில் அடிக்கடி செய்தி வருகிறது. சுப்பாராவின் காலத்திலும் அப்படியொரு செய்தி வந்தது. அதுவும் அவருடைய ஆய்வகமே செயற்கையாகத் தயாரித்துக்கொண்டிருந்த சத்துப் பொருளின் குடும்பத்தைப் பற்றி வந்தது. அது பொய்த்தபோது அவரும் அவருடைய சகாக்களும் என்ன செய்தார்கள் என்பதுதான் அவர் வாழ்க்கையின் முக்கியமான பகுதி. அஞ்சல் தலை, சிலை, பிறந்த நாள் விழா ஆகியவற்றுக்கிடையே அதிகம் பேசப்படாமல் போனதும் அதுவே.

பீமவரத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு

அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்ததும், இன்று ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் இருப்பதுமான பீமவரத்தில் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ம் தேதி சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். உடல்நலக் குறைவால் முன்னதாகவே ஓய்வு பெற்றவர். தாயார் வேங்கம்மா. ஏழு பிள்ளைகளில் சுப்பாராவ் நான்காமவர். வீட்டில் வறுமை.

பதின்மூன்றாவது வயதில், காசிக்குச் சென்று யாத்ரீகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று எண்ணி வீட்டைவிட்டு ஓடினார். தாயார் விடவில்லை, வழியிலேயே மறித்து அழைத்து வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். படிப்பு எளிதில் வரவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முயற்சியில் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரி. அங்கு படிக்கும்போது ராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்து துறவியாக விரும்பினார். தாயார் இசையவில்லை. மருத்துவம் படித்தால் மிஷனின் மருத்துவமனைகளில் தொண்டு செய்யலாம் என்ற சமாதானத்துடன் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். படிப்புச் செலவில் பெரும் பகுதியை மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி ஏற்றார். அவருடைய மகள் சேஷகிரியை சுப்பாராவ் 1919-ல் மணந்தார்.

காந்தியடிகளின் அறைகூவலை ஏற்று அந்நியத் துணியைத் துறந்தவர்களில் அவரும் ஒருவர். அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதரில் தைத்த மேலங்கியுடன் சென்றார். பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழ்நிலையிலான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை மருத்துவப் பணியில் சேர எடுத்த முயற்சியும் பலிக்கவில்லை. ஒத்துழையாமை இயக்கத்தில் சிறை சென்றவர்களின் பட்டியல் நம்மிடம் உண்டு. வகுப்பறையில் மதிப்பெண்ணையும் பதவியையும் இழந்தவர்களின் பட்டியலை யாரும் தொகுத்ததாகத் தெரியவில்லை.

இதே ஆண்டுகளில் குடும்பத்தின் மீது ஒரு பேரிடி விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். நோய், வெப்பமண்டல நாடுகளில் காணப்படும் ஸ்புரு என்னும் கடுமையான கிரகணி. உண்ணும் உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச மறுக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது, நாக்கு புண்ணாகும், ரத்தம் வற்றும், உடல் எலும்புக்கூடாகும். சுப்பாராவையும் அந்நோய் தாக்கியது. அலோபதி மருத்துவம் கைவிட்ட நிலையில், ஆயுர்வேத மருத்துவர் ஆசந்த லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தார். வேலை கிடைக்காத அவரைத் தமது ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு விரிவுரையாளராக அமர்த்தியவரும் லட்சுமிபதிதான்.

இந்த இடத்தில் இரு தரப்பாரும் அவரைச் சொந்தம் கொண்டாட முனைவதுண்டு. ஆயுர்வேதம் அவரைக் காப்பாற்றியது என்பது ஒரு தரப்பு. அதை விட்டுவிட்டு அவர் ஹார்வர்டு சென்றார் என்பது மறு தரப்பு. இரண்டும் உண்மை, ஆனால் இரு தரப்புக்கும் அவர் வசதியானவர் அல்ல. மரபு மருந்துகளில் பலன் இருக்கிறது என்று அவர் நம்பினார். அந்தப் பலன் எந்தப் பொருளால் விளைகிறது, எவ்வளவு கொடுத்தால் விளைகிறது என்று தெரிய வேண்டும் என்றும் விரும்பினார். அதைத் தெரிந்துகொள்ளத் தேவையான ஆய்வகம் அன்றைய சென்னையில் அவருக்குக் கிடைக்கவில்லை.

இரவு நேர ஊழியர்

மாமனாரின் பண உதவியுடனும், காக்கிநாடாவின் மல்லாடி சத்யலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியுடனும் 1920-களின் தொடக்கத்தில் அவர் பாஸ்டன் சென்றார். கருவுற்றிருந்த மனைவியை ஊரில் விட்டுச் சென்றார். பிறந்த ஆண் குழந்தை ஒரு வயது நிறையுமுன் இறந்தது. குழந்தையைத் தந்தை பார்க்கவில்லை. மனைவியையும் அவர் மறுபடி பார்க்கவே இல்லை. இந்தக் கணக்கில் சேஷகிரி அம்மையார் கொடுத்த விலையே பெரிது. வாழ்க்கை வரலாறுகள் அதை இரண்டு வரிகளில் கடந்துவிடுகின்றன.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பட்டயப் படிப்பு. பிழைப்புக்கு, பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேர ஊழியர் வேலை. நோயாளிகளின் மலஜலத் தட்டுகளைக் கழுவுவதும் அதில் அடக்கம். இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று பகத்சிங் திண்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923-ல் தீர்ப்பளித்தது என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

பிறகு ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நிறமாற்றத்தின் மூலம் அளக்கும் எளிய முறையை இருவரும் 1925-ல் வெளியிட்டனர். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் பல தலைமுறைகளாக அதைப் படித்திருக்கிறார்கள். அந்த அளவுகோலைக் கொண்டே தசையில் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருள் இருப்பதை 1927-ல் கண்டனர். உடலின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யை 1929-ல் பிரித்தனர். அதே காலத்தில் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் மற்றவர்களும் இவற்றைக் கண்டனர் என்பதால் முழுப் பெருமையையும் ஒருவருக்கே எழுதுவது முறையாகாது. 1930-ல் முனைவர் பட்டம். ஆனால் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் ஃபிஸ்கேயின் பொறாமையால் வெளிச்சத்துக்கு வராமல் போய், பல ஆண்டுகள் கழித்து மற்றவர்களால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட நேர்ந்தது என்று, அதே துறையில் படித்து 1988-ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

பம்பாய் மில்களும் நான்கு டன் கீரையும்

சுப்பாராவின் கதையில் அடுத்து வரும் பொருளின் முதல் தடயம் அமெரிக்காவில் அல்ல, இந்தியாவில் கிடைத்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-ல் பம்பாய் வந்தார். ஜவுளி ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்றிருக்கும்போது கடுமையான ரத்தசோகையால் மாண்டுகொண்டிருந்தனர். காரணம் கிருமியா, உணவா என்பதை அவர் ஆராய்ந்தார். பம்பாயிலும், நீலகிரியின் குன்னூரிலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைத்த இன்றைய கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனையிலும் அவருடைய ஆய்வு நடந்தது. ஈஸ்ட்டிலிருந்து தயாரிக்கப்படும் மார்மைட் என்ற மலிவான பசை அந்தத் தாய்மார்களைக் குணப்படுத்துவதை 1931-ல் வெளியிட்டார். பசையில் இருந்த சத்து எது என்று அப்போது தெரியவில்லை.

சுப்பாராவ் படித்த பள்ளி இருந்த அதே திருவல்லிக்கேணியில் இது நடந்தபோது, அவர் பாஸ்டனில் ஈரல் சாறுகளைப் பகுத்துக்கொண்டிருந்தார். ரத்தசோகைக்கு ஈரல் மருந்தாவது அப்போது புதிதாகத் தெரிந்திருந்தது. ஈரலில் உள்ள எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்பதே அவருடைய கேள்வி. சகோதரர்களைக் கொன்ற ஸ்புருவும் ரத்தத்தை வற்றச் செய்யும் நோய்தான்.

1941-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூவர் நான்கு டன் பசலைக்கீரை இனத்தைச் சேர்ந்த ஸ்பினாச் கீரையை வாங்கிக் காய்ச்சி வடித்து, பாக்டீரியாவை வளரச் செய்யும் ஒரு சத்தைச் சிறிதளவு திரட்டினர். இலையில் கிடைத்ததால், இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

சுப்பாராவ் 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து விரைவிலேயே ஆராய்ச்சி இயக்குநரானார். கீரையிலும் ஈரலிலும் துளித்துளியாக இருக்கும் சத்தை மருந்தாகத் தருவதென்றால் அதைச் செயற்கையாகச் செய்தே ஆக வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருந்த தராசு ஒரு பாக்டீரியா. லாக்டோபாசில்லஸ் கேசி எனப்படும் அந்தப் பால் நுண்ணுயிர் ஃபோலிக் அமிலம் இல்லாமல் வளராது. மற்ற எல்லாச் சத்துகளும் கொண்ட கரைசலில் அதை விட்டு, சோதிக்க வேண்டிய சாற்றில் ஒரு சொட்டு சேர்ப்பார்கள். குழாய் கலங்கினால் சத்து இருக்கிறது. தெளிவாகவே இருந்தால் இல்லை. இப்படி ஆயிரக்கணக்கான குழாய்களைப் பார்த்துப் பார்த்து நெருங்கி, அப்பொருள் மூன்று துண்டுகளால் ஆனது என்று அறிந்து, 1945-ல் செயற்கையாகச் செய்து முடித்தனர். அமைப்பை விளக்கி 1946-ல் வெளியான கட்டுரையில் 16 பேர் பெயர்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே எங்கோ சுப்பாராவின் பெயரும் இருந்தது.

அமெரிக்க மருத்துவர் டாம் ஸ்பைஸ் இந்தச் செயற்கை ஃபோலிக் அமிலத்தை ஸ்புரு நோயாளிகளுக்குக் கொடுத்தபோது அவர்கள் தேறினர். சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டு கழிந்த பின் அந்நோய்க்கு சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்தே மருந்து கிடைத்தது. ஆனால் அவர் தேடிய பெர்னிசியஸ் ரத்தசோகைக்கான மருந்து இதுவல்ல. அந்நோயில் ரத்தத்தை இது தேற்றியது, நரம்புகளைக் காக்கவில்லை. அதற்குரிய பி-12 வைட்டமினை வேறு இரு நிறுவனத்தார் 1948-ல் பிரித்தெடுத்தனர்.

எலிகள் சொன்னதும் குழந்தைகளுக்கு நேர்ந்ததும்

இங்குதான் புற்றுநோய் கதைக்குள் வருகிறது. நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் லூயிசோன், லாய்க்டென்பெர்கர் குழுவினர், மார்பகப் புற்றுநோய் தானாகத் தோன்றிய சுண்டெலிகளுக்கு ஃபோலிக் அமிலம் என்ற பெயரில் தங்களுக்குக் கிடைத்த பொருளை ஊசி வழியே செலுத்தினர். பல எலிகளின் கட்டிகள் சுருங்கி மறைந்ததாக 1945-ல் அறிவித்தனர். கீரையிலும் ஈரலிலும் உள்ள ஒரு சாதாரண வைட்டமின், எலியின் புற்றுநோயைக் கரைக்கிறது! இதைவிட இனிமையான செய்தி வேறென்ன இருக்க முடியும்?

அவர்கள் பயன்படுத்தியது கீரையிலிருந்து பெறப்பட்டதோ ஈரலிலிருந்து பெறப்பட்டதோ அல்ல, நொதித்தல் வழியே கிடைத்த வேறொரு வடிவம் என்பது பின்னர் தெரிந்தது. ஃபோலிக் அமிலத்தில் ஒரு குளூட்டாமிக் அமிலத் துண்டு இருக்கும்; அதில் மூன்று இருந்தன. பெயர் ஒன்று, பொருள் வேறு. மூலிகை ஆய்வுகளில் இன்றும் தொல்லை தருவது இதுவே. எந்தச் செடி, எந்தப் பகுதி, எந்த முறையில் வடித்தது, அதில் எந்தப் பொருள் என்று தெளிவாகச் சொல்லாமல் சாறு என்று மட்டும் சொல்லும் முடிவை அடுத்தவர் சரிபார்க்க வழியில்லை.

மூன்று துண்டுகள் கொண்ட வடிவத்தை லெடர்லி தயாரித்து டெரோப்டெரின் என்று பெயரிட்டது. இரண்டு துண்டுகள் கொண்டது டையோப்டெரின். அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் பேப் ரூத்துக்கு மூக்கின் பின்புறத் தொண்டையில் புற்றுநோய். 1947-ல் அவருக்கு டெரோப்டெரின் செலுத்தப்பட்டது. சில வாரங்கள் வலி குறைந்தது. உடல் எடை கூடியது. ஆனால் அவர் அதற்கு முன்பே கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெற்றிருந்தார். எதனால் தேறினார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நோய் திரும்பி வந்தது. 1948 ஆகஸ்ட் 16-ம் தேதி அவர் இறந்தார்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்கூறு நிபுணர் சிட்னி ஃபார்பர், மற்ற சிகிச்சைகளுக்கு இடமில்லாத 90 நோயாளிகளுக்கு இவ்விரு பொருள்களையும் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் ரத்தப் புற்றுநோயாளிகளும் இருந்தனர். அவர்களுடைய எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தபோது எதிர்பார்த்ததற்கு நேர்மாறான காட்சி தென்பட்டது. புற்றுச் செல்கள் மடியவில்லை. முன்னைவிட விரைவாகப் பெருகின. எலியின் கட்டியைக் கரைத்ததாகச் சொல்லப்பட்ட சத்து, மனிதரின் ரத்தப் புற்றுநோய்க்குத் தீனியாகிவிட்டது.

அந்த நிலையில் இரண்டு காரியங்கள் செய்யலாம். முடிவை மூடி மறைத்து, எலிகளைக் காட்டி மருந்தைத் தொடர்ந்து விற்கலாம். அல்லது பொருளைக் கைவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ஃபார்பரும் லெடர்லியும் மூன்றாவதாக ஒன்றைச் செய்தனர். இந்தச் சத்து புற்றுச் செல்லை வளர்க்கிறது என்றால், இந்தச் சத்தைப் பறித்துக்கொண்டால் அந்தச் செல் என்னாகும்? கேள்வியைத் திருப்பிப் போட்டதும் விடை தெரிந்தது. அதற்குத் தேவையான போலிச் சத்துகளைச் செய்யும் கைப்பழக்கம் சுப்பாராவின் ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்தது. ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைக் கண்டறியும்போதே, அதன் ஓரத்தில் ஒரு துண்டை மாற்றி, ஒரு துண்டைக் கழற்றி, பாக்டீரியா வளர்கிறதா, முடங்குகிறதா என்று பார்த்துவந்தவர்கள் அவர்கள்.

முதலில் அனுப்பிய பொருள் பலவீனமாக இருந்தது. அடுத்து வந்தது அமினோப்டெரின். ஃபோலிக் அமிலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, ஓர் இடத்தில் ஆக்சிஜன் தொகுதிக்குப் பதிலாக ஓர் அமினோ தொகுதி, அவ்வளவே. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் மரபுப்பொருளான டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்தக்கூடிய வடிவுக்கு மாற்றித் தரும் ஒரு நொதி வேண்டும். அமினோப்டெரின் அந்த நொதியில் போய் அமர்ந்துகொள்கிறது. பூட்டுக்குள் நுழைந்து, திரும்பவும் திரும்பாமல், வெளியே எடுக்கவும் வராமல் சிக்கிக்கொண்ட சாவி போன்றது அது. விரைந்து பெருகும் செல்கள் முதலில் பட்டினியாகின்றன. நொதியைப் பற்றிய இந்த விளக்கம் பின்னாளில் தெளிவானது. 1947-ல் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, இது ஃபோலிக் அமிலத்தின் எதிரி என்பது மட்டுமே.

கடுமையான ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடும் என்பது அன்று மருத்துவ உலகின் முடிந்த முடிவு. ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. வீங்கிய மண்ணீரல் வற்றியது. படுத்த குழந்தைகள் எழுந்து நடந்தனர். இந்த முடிவு 1948 ஜூன் மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. தணிவு தற்காலிகமானது என்பதையும், மருந்தின் நச்சுத்தன்மையையும் ஃபார்பர் அதே கட்டுரையில் எழுதினார். நோய் மீண்டது, ஆனால் மருந்தால் புற்றுநோயைத் தணிக்க முடியும் என்பது நிலைநின்றது.

யாருக்கு எவ்வளவு

புற்றுநோய்க்கு மருந்து கண்ட இந்தியர் என்று சுப்பாராவைப் பற்றி எழுதுவது வழக்கமாகிவிட்டது. அமினோப்டெரினை உருவாக்கியதில் சீகர் முதலான லெடர்லி வேதியியலாளர்களின் கைகள் உண்டு. நோயாளிகளிடம் பயன்படுத்தியவர் ஃபார்பர். டெட்ராசைக்ளின் இனத்தின் முதல் மருந்தான ஆரியோமைசினைக் கண்டவர், எழுபது வயதைத் தாண்டிய தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர். பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்ற அந்த முதியவர் லெடர்லியில் வேலை பார்க்க இடமளித்தவர் சுப்பாராவ். எந்தக் கேள்வியை எடுப்பது, யாரிடம் கொடுப்பது, எப்போது விட்டுவிடக் கூடாது என்று தீர்மானித்ததே அவருடைய பங்கு. அது பெரிய பங்கு. கண்டுபிடிப்பு அறிவிக்கப்படும் மேடைகளில் அவர் பின்வரிசையில் இருந்தார். அதை அநீதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது, அவர் விரும்பியதும் அதுவே.

இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்க அனுமதித்து அமெரிக்கா 1946-ல் சட்டம் இயற்றியது. ஆண்டுக்கு நூறு பேர் என்ற அளவில் குடியேற்றத்துக்கும் அது வழிவிட்டது. சுப்பாராவ் அமெரிக்கக் குடியுரிமையைப் பெற்றுக்கொள்ளவில்லை. ஃபார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்டில், உறக்கத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 53. பேப் ரூத் இறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு. அவருடைய பெயரில் ஒரு பூஞ்சை இனத்துக்கு சுப்பாரோமைசிஸ் என்று 1953-ல் பெயரிடப்பட்டது. இந்திய அஞ்சல் துறை 1995-ல், அவருடைய நூற்றாண்டின்போது அஞ்சல் தலை வெளியிட்டது.

அவருடைய காலத்தில் மருந்துகளைச் சோதிக்க பாக்டீரியாவும் எலியும் நோயாளியும்தான் இருந்தனர். மனிதப் புற்றுச் செல்களைக் கண்ணாடிக் கலத்தில் முடிவின்றி வளர்க்கும் முறை 1951-ல்தான் கைகூடியது. இன்று நம் நாட்டின் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அத்தகைய செல்கள் இருக்கின்றன. ஏதேனும் ஓர் இலைச்சாற்றை ஊற்றிச் செல்கள் மடிவதைக் காட்டுவது முதுகலை மாணவர் செய்யக்கூடிய வேலை. கலத்தில் உப்பைக் கொட்டினாலும் செல்கள் மடியும். அந்தப் பொருள் இயல்பான செல்லை விட்டுவைக்கிறதா, விழுங்கினால் ரத்தத்தில் சேருமா, ஈரல் அதைச் சிதைக்காமல் விடுமா என்பவை அடுத்த கேள்விகள். மஞ்சளிலுள்ள குர்குமின் கலத்தில் பல வகைப் புற்றுச் செல்களை முடக்குகிறது. ஆனால் வாய்வழி உண்டால் குடல் அதை மிகச் சிறிதளவே உறிஞ்சுகிறது. நித்தியகல்யாணிச் செடியோ எல்லாக் கேள்விகளையும் தாண்டி வின்கிரிஸ்டின் என்ற மருந்தாக மருத்துவமனைக்குள் வந்துவிட்டது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கான மருந்துகளில் அது இன்றும் முதன்மையானது. ஆகவே இலைகள் எல்லாம் ஏமாற்று என்பதும் சரியல்ல. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை நாடாளுமன்றம் 1954-ம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்தது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் புற்றுநோய் இடம்பெற்றிருப்பது, விளம்பரம் செய்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

அமினோப்டெரினின் இடத்தை, அதே ஆய்வகத்தில் பிறந்த அதன் தங்கை மெத்தோட்ரெக்ஸேட் 1950-களில் பிடித்துக்கொண்டது. கருப்பையில் தோன்றும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயை மருந்தினாலேயே முற்றிலும் குணமாக்க முடியும் என்று 1956-ல் மின் சியு லி, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் காட்டியது இந்த மெத்தோட்ரெக்ஸேட்டைக் கொண்டுதான். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்துடன் ஃபோலிக் அமிலம் சேர்த்து வழங்கும் திட்டத்தை மத்திய அரசு 1970-ல் தொடங்கியது. பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களிடம் லூசி வில்ஸ் தேடிய சத்து அது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறை சாப்பிடும் நோயாளிக்கு, அதன் கெடுதல்களைத் தணிக்க வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதித் தருகிறார் மருத்துவர். சுப்பாராவின் ஆய்வகத்தில் உருவான சத்தும் அதன் எதிரியும் ஒரே மருந்துச் சீட்டில், அடுத்தடுத்த வரிகளில் இடம்பெறுகின்றன.